கொல்லைக் கொட்டகையை ஜேசிபி தொடக்கூடாது

திருவாரூர்
14.11.2025

அன்புள்ள குமாருக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அங்கே நீயும் மருமகளும் பேரனும் நலமா? அம்மாவுக்கு இடது கண் அறுவை நல்லபடியாக முடிந்துவிட்டது. சொட்டு மருந்து மட்டும் இன்னும் ஒரு மாதம் விட வேண்டுமாம். மழை விட்டு விட்டுப் பெய்கிறது. மாமா வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் வந்தோம். அதைப் பற்றி அம்மா தனியாகச் சொல்வாள்.

கைப்பேசியில் எழுதினால் நீ கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாய். அதனால்தான் தாளில் எழுதித் தபாலில் அனுப்புகிறேன். அக்காவிடம் காட்டவில்லை. நீயும் காட்ட வேண்டாம்.

நம் பழைய வீட்டை இடிக்க நீ பேசி வைத்திருக்கும் இடிப்புக்காரர் செவ்வாய்க்கிழமை திருத்துறைப்பூண்டிக்கு வந்தார். நானும் பஸ் ஏறிப் போய் வீட்டைத் திறந்துவிட்டேன். தை பிறந்ததும் ஜேசிபி வைத்து ஒரே நாளில் தரைமட்டமாக்கித் தருகிறேன் என்றார். தேக்கு உத்தரம், கதவு, ஜன்னல், ஓடு எல்லாம் அவருக்கு. இடிசலை அள்ளுவதும் அவர் பொறுப்பு. கொல்லைக் கொட்டகை ஷீட்டையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார். முழு ஷீட்டை யாராவது மாட்டுக்கொட்டகைக்கு வாங்கிக்கொள்வார்களாம், உடைந்ததைப் பள்ளம் நிரப்பப் போட்டுவிடுவாராம். நீ சரி என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

வீட்டை இடிப்பதில் எனக்கு மறுப்பில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடிதம் முழுவதையும் நீ அந்த அர்த்தத்தில் படிப்பாய். திண்ணை சரிந்துவிட்டது, ரேழியில் நின்றால் காரை தலையில் உதிர்கிறது. எங்களுக்கு வழுக்காத தரையும் கட்டிலுக்கு அருகே கழிவறையும் வேண்டும் என்று யோசித்து நீ வரைபடம் போட வைத்திருக்கிறாய். அம்மா அதை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். சித்தப்பா விஷயத்தையும் நீயே பேசி முடித்துவிட்டாய். என்னால் இருபது வருடம் முடியாத காரியம் அது.

ஆனால் அந்தக் கொட்டகையை ஜேசிபி தொடக்கூடாது. ஒரு ஷீட்டைக்கூடத் தொடக்கூடாது.

நான் எண்ணிவிட்டு வந்தேன். கூரையில் இருப்பவை முப்பத்தெட்டு. சுவரோரம் சாத்தியிருப்பவை ஆறு. கஜா புயலில் உடைந்ததைக் கொல்லைக் கதவு வரைக்கும் சேற்றில் பரப்பினோமே, ஏழு வருடமாக அதன் மேல்தான் நடந்துகொண்டிருக்கிறோம். எல்லாமே கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், கலந்த சிமெண்ட் ஷீட். நூறு கிலோவுக்குச் சுமார் பத்துக் கிலோ கல்நார் இழை, மீதி சிமெண்ட். சும்மா கிடக்கும்வரை இழை சிமெண்டுக்குள் கட்டுண்டு கிடக்கும். அறுத்தாலும் உடைத்தாலும் நொறுக்கினாலும்தான் வெளியே வரும். ஜேசிபி கை வைத்தால் மூன்றும் நடக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த இழை மணிக்கணக்கில் காற்றில் நிற்கும், மூச்சோடு நுரையீரலுக்குள் போகும். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் நம் கொல்லைச் சுவரை ஒட்டித்தான் விளையாடுகிறார்கள்.

இதெல்லாம் உனக்குத் தெரியாததில்லை. இரண்டு பொங்கலுக்கு முன் இதே திண்ணையில் உட்கார்ந்து நீதான் சொன்னாய். சிங்கப்பூரில் 1991 ஜனவரிக்கு முன் கட்டிய கட்டடம் என்றால், கல்நார் இருக்கிறதா என்று தகுதி பெற்றவர் ஆய்வு செய்து எழுதித் தராமல் இடிக்கத் தொட முடியாது என்றாய். ஒரு முறை மேலாளரையே எதிர்த்து வேலையை நிறுத்தினேன் என்றாய். நீ சொல்லச் சொல்ல எனக்கு நெஞ்சு நிறைந்தது. தெருவில் நாலு பேரிடம் போய்ச் சொன்னேன். நம் வீடு அதற்கு முன்னால் கட்டியதுதானே? அங்கே யாரோ ஒருவருடைய தொழிலாளிக்குப் பார்க்கிற நீ, இங்கே நம் ஊர் ஆட்களுக்கு ஒரே நாளில் முடித்துவிடு என்று எப்படிச் சொன்னாய்? உனக்கு விடுப்பு இல்லை, செலவு ஏறுகிறது, எல்லாம் தெரியும். ஆனாலும் கேட்கத்தான் தோன்றுகிறது.

வேலை இப்படி நடக்க வேண்டும். முதலில் மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து இணைப்பைத் துண்டிக்கட்டும். பிறகு வீட்டில் யாரும் கை வைப்பதற்கு முன் கொட்டகையை மட்டும் பிரிக்க வேண்டும். ஷீட் மேல் யாரும் ஏறக்கூடாது. பழைய ஷீட்டில் கால் வைத்து அப்படியே கீழே விழுந்து செத்தவர்கள் நம் ஜில்லாவிலேயே எத்தனை பேர். அடியில் சாரம் கட்டி அதில் நின்றுதான் கழற்ற வேண்டும். சோப்பு நீரைப் பூவாளியில் தூவுவதுபோல் தூவி, ஷீட் ஊறிய பிறகு தொட வேண்டும். வேகமாகப் பீய்ச்சி அடிக்கவும் கூடாது. ஷீட்டைப் பிடித்திருக்கும் ஜே போல்ட் எல்லாம் துருவேறி இறுகிக் கிடக்கிறது. சுத்தியலால் தட்டினால் ஷீட் தெறிக்கும், போல்ட்டைத்தான் கத்தரிக்க வேண்டும். இரண்டு பேர் பிடித்து முழுதாக இறக்கி, தடித்த பாலிதீனில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்டி, மேலே என்னவென்று எழுதி வைக்க வேண்டும். துடைப்பம் வேண்டவே வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் அதே பையில் போட்டுக் கட்ட வேண்டும். ஆட்கள் வாயில் துண்டைக் கட்டிக்கொள்வார்கள். துண்டு இதற்குப் போதாது. முகத்தில் இடைவெளி இல்லாமல் படிகிற, பி100 வடிகட்டி உள்ள முகக்கவசம் நீ வாங்கிக் கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் அங்கேயே குளித்துவிட்டு வேறு சட்டை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகட்டும். சேற்றில் கிடக்கும் துண்டுகளையும் நனைத்துப் பொறுக்க வேண்டும்.

ஷீட்டை யாருக்கும் விற்கவும் கூடாது. இடிப்புக்காரருக்கு அதனால் என்ன குறைகிறதோ அதை என் பென்ஷனில் கொடுக்கிறேன். கும்மிடிப்பூண்டியில் அபாயக் கழிவைப் புதைக்கும் இடம் இருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் எழுதிக் கேட்க வேண்டும். அலைச்சல்தான், லாரி வாடகை ஆகும்தான். நான் அலைகிறேன்.

ஜன்னல் கம்பியிலும் சட்டத்திலும் இருக்கும் பச்சைப் பெயிண்ட் தாத்தா காலத்திலிருந்து ஐந்தாறு பூச்சு. அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருக்கும். பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற கட்டுப்பாடு நம் நாட்டில் வந்ததே 2017 நவம்பரில்தான். தச்சர் அதைத் தீயில் வாட்டிச் சுரண்டக்கூடாது என்று சொல்லி வை. பழைய கழிவறைக் குழிக்குள் யாரையும் இறக்கக்கூடாது. லாரி வைத்து உறிஞ்சி எடுத்த பிறகு மணலால் மூடிவிடலாம். கிழக்குச் சுவர் பொதுச்சுவர், அதைக் கையால்தான் மேலிருந்து இறக்க வேண்டும். இவையெல்லாம் இரண்டாம்பட்சம். ஷீட்தான் முதல். ஜேசிபி தொடக்கூடாது.

இவ்வளவு எழுதியும் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

நாற்பது நாளாக நீ என்னிடம் குரலில் பேசவில்லை. எழுத்துதான் வருகிறது. கடைசியாகப் பேசியபோது இரண்டு முறை உன் பக்கத்தில் சத்தமே இல்லாமல் போனது. லைன் போய்விட்டது என்றாய். லைன் போனால் வரும் சத்தம் எனக்குத் தெரியும். தொலைபேசியைத் தள்ளிப் பிடித்தால் எப்படி இருக்கும் என்பதும் தெரியும். அக்காவிடம் மருமகள் ஏதோ சொல்லியிருக்கிறாள். அக்கா என்னிடம் சொல்ல வந்து, அம்மாவைப் பார்த்ததும் உலை கொதிக்கிறது என்று உள்ளே போய்விட்டாள். நான் எதுவும் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கவில்லை. என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நம் கடையில் 1976-லிருந்து 2004 வரை ஷீட் விற்றேன். பத்தடி கேட்பவருக்கும் ஏழடி கேட்பவருக்கும் அந்தக் கொல்லையில் வைத்துத்தான் அறுத்துக் கொடுத்தோம். கடையில் வேலை பார்த்த சன்னாநல்லூரார் கைரம்பம் போடுவார். ரம்பம் பாதி தூரம் போனதும் ஷீட் தொங்கும். முறியாமல் இருக்க அடியில் ஒருவர் குந்திக்கொண்டு இரண்டு கையாலும் தாங்க வேண்டும். நாலாம் வகுப்பு விடுமுறையிலிருந்து நீதான் தாங்கினாய். உயரம் உனக்குத்தான் சரியாக இருக்கிறது என்று நானே உன்னை உட்கார வைத்தேன். தூள் உன் தலையில்தான் விழும். இமைமயிர்கூட வெளுத்திருக்கும். ஒரு நாள் அந்தத் தூளை மூன்று விரலால் எடுத்து நெற்றியில் பட்டையாக இட்டுக்கொண்டு கடைக்குள் வந்து நின்றாய். வாடிக்கையாளர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். ஞாயிறு சாயங்காலம் கொல்லையைக் கூட்டுவதும் உன் வேலை. காய்ந்த தூளை விளக்குமாறு போட்டுக் கூட்டுவாய். நம் இரண்டு பேர் சட்டையையும் அம்மா வாசலில் நின்று உதறித் துவைப்பாள்.

அப்போது யாருக்குத் தெரியும் என்று நீ சொல்வாய். எனக்குத் தெரியும். 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. கல்நார்த் தொழிலாளி ஒவ்வொருவருடைய உடல்நலப் பதிவேட்டையும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 வருடம் வைத்திருக்க வேண்டும் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். நாற்பது வருடம் எதற்கு என்று யோசித்தேன். நோய் அவ்வளவு காலம் கழித்தும் வரும் என்பதால்தான் என்று கீழேயே போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை மடித்துக் கல்லாப்பெட்டிக்கு அடியில் வைத்தேன். இது ஆலைக்குச் சொன்னது, கடைக்கு இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடன் இருந்தது. உனக்குப் படிப்புச் செலவு வரப் போகிறது. அந்த வார ஞாயிற்றுக்கிழமையும் நீ கொல்லையைக் கூட்டினாய். நான் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகும் ஒன்பது வருடம் விற்றேன்.

சன்னாநல்லூரார் கடைசியில் பத்தடி நடந்தால் உட்கார்ந்துவிடுவார். காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள். சளியில் ஒன்றும் காணவில்லை என்றும் சொன்னார்களாம். என்ன வேலை செய்தாய் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று இப்போதும் நிச்சயமாகத் தெரியவில்லை. ஐந்நூறு ரூபாய் கொடுத்து அனுப்பினேன். நேரில் போய்ப் பார்க்கவில்லை. கருமாதிக்கும் போகவில்லை.

குமார், நீ மருத்துவரைப் பார்த்தால், அல்லது ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தால், இதை மறைக்காமல் சொல்லிவிடு. அங்கே உள்ள மருத்துவர் நீ கட்டுமான இடத்தில் வேலை பார்ப்பதை மட்டும் எழுதிக்கொள்வார். ஒன்பது வயதில் எங்கே உட்கார்ந்திருந்தாய் என்று அவருக்குத் தெரியாது. நெஞ்சுப் படம் எடுக்கும்போது எதைத் தேட வேண்டும் என்பதற்கு அது வேண்டும். தூள் பட்டவர்கள் எல்லாருக்கும் நோய் வருவதில்லை என்றும் படித்தேன். இரவில் அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். சிகரெட் பிடிக்கும் பழக்கம் உனக்கு இருக்கிறதா என்று நான் கேட்டதில்லை. இருந்தால் இன்றே விட்டுவிடு. கல்நாரும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய்க்கு வாய்ப்பு பல மடங்கு ஆகிறது. பேரன் முன்னால் வைத்துச் சொல்கிறேன், விட்டுவிடு.

கூட ஒரு தனித்தாள் வைத்திருக்கிறேன். 1988 முதல் 1996 வரை, எந்த வருடம் எத்தனை மாதம், வாரத்துக்குச் சுமார் எத்தனை ஷீட், நீ அடியில் தாங்கியது எத்தனை மணி நேரம் என்று கடைப் பேரேட்டைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறேன். கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள், எண்களை மட்டும் மாற்றாதே. அந்தத் தாளை அப்படியே மருத்துவரிடம் கொடுத்துவிடு.

இடிப்புக்காரரிடம் நீ பேசுகிற வரைக்கும் வீட்டுச் சாவி என்னிடம்தான் இருக்கும்.

கடிதம் கிடைத்த பிறகு வரும் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு மாடியில் தனியாக இருப்பேன். எழுத்து வேண்டாம், குரலில் பேசு. இருமல் வந்தால் இருமிவிட்டுப் பேசு. தொலைபேசியைத் தள்ளிப் பிடிக்காதே.

இப்படிக்கு,
அப்பா