வன்னிக் கன்று நட மேட்டுப் பாத்தி அமைக்க அனுமதி கோரும் மனு

அனுப்புநர்:
சமூகத் தோட்டக் குழுவினர், சிங்கப்பூர்

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள், நகர மன்றம்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். எங்கள் புளோக்கை ஒட்டிய சமூகத் தோட்டத்தில் ஒரே ஒரு வன்னிக் கன்று நட அனுமதி வேண்டுகிறோம்.

தமிழ்நாட்டுக் கண்மாய்களில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலம் வேறு, இது வேறு. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. கணுக்களில் நீண்ட முட்கள் இரண்டிரண்டாக நிற்கும். வன்னி முள் சிறியது, அடி அகன்றது, கணுக்களுக்கு இடையே சிதறிக் கிடக்கும். தண்டைத் தடவினாலே தெரிந்துவிடும்.

தார்ப் பாலைவனத்தில் கோடை உச்சத்திலும் இது துளிர்க்கும். தழை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீனி, பச்சைக் காய் ‘சாங்கரி’ என்று சமையலுக்குப் போகும், பூவில் தேனீ மொய்க்கும், நிழலில் சிங்காரா மான் ஒதுங்கும். வேர் நைட்ரஜனைச் சேர்ப்பதால் மரத்தடியிலேயே கம்பு விதைக்கிறார்கள். 1983இல் ராஜஸ்தானின் மாநில மரமானது. 2008இல் ஐக்கிய அரபுச் சிற்றரசுகளின் தேசிய மரமானது. நமக்கோ விருத்தாசலத்துத் தல விருட்சம், விஜயதசமிக்கு அம்பு போடும் மரம். நிழலுக்காகக் கேட்கவில்லை, அதற்கு இங்கே தூங்குமூஞ்சி மரங்கள் தாராளம். பிள்ளைகள் பார்க்கவும், பிள்ளையார் அர்ச்சனைக்குத் தழை பறிக்கவும்தான்.

சிக்கல் மழைதான். தார்ப் பாலைவனத்து ஜெய்சல்மேரில் ஆண்டுக்குச் சுமார் 200 மி.மீ., இங்கே சுமார் 2,100 மி.மீ. கன்று வாடியதும் தாகம் என்று எண்ணி மேலும் ஊற்றுவதே வழக்கமான தவறு. மண் ஈரமாயிருந்தும் அடியிலை மஞ்சளானால் வேர் அழுகுகிறது. ஆகவே 60 செ.மீ. உயரப் பாத்தி கட்டி, அடியில் 15 செ.மீ. ஜல்லி, மேலே மூன்று பங்கு பருமணல், ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மட்கிய உரம் இடுவோம். சுவரில் வடிதுளை உண்டு. நாற்றுக்கு அடித்தட்டு வைக்க மாட்டோம். அதில் தேங்கும் நீர் வேருக்கும் ஆகாது, ஏடிஸ் கொசுவுக்கும் வசதி.

விதைக்கு இறக்குமதி அனுமதி பெற்ற பிறகே வேலை தொடங்கும். தோலை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு ஊறவைத்து, 30 செ.மீ. ஆழப் பையில் ஊன்றுவோம். ஆணிவேர் வேகமாக இறங்கும். சிறிய தொட்டியில் சுருண்டுவிடும். முள் இருப்பதால் நடைபாதையிலிருந்து 1.5 மீட்டர் தள்ளி நட்டு, 2 மீட்டருக்கு மேல் வளராதபடி கவாத்து செய்வோம்.

நாள் முழுதும் வெயில் விழும் இடமாகக் குறித்துத் தந்து, ஆணிவேரை உத்தேசித்து நிலத்தடிக் குழாய்கள் செல்லும் தடத்தையும் ஓர் அலுவலர் வந்து காட்ட ஆவன செய்யுமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தோட்டக் குழுவினர்