கொல்லிமலை சைக்கிள் பயணம்: கடைசியாக வந்தவளின் நன்றி மடல்

கொல்லிமலைப் பயணத்தில் உடன் வந்தவர்களுக்கும் உதவியவர்களுக்கும் வணக்கம்.

நன்றியுரைக்கென்று நம் ஊரில் ஒரு வரிசை இருக்கிறது. தலைவர், செயலாளர், புரவலர் என்று மேடையில் தொடங்கி, பந்தல் போட்டவர், ஒலிபெருக்கி வைத்தவர் என்று முடியும். அதற்குள் பாதிக் கூட்டம் பந்திக்குப் போயிருக்கும். நான் அந்த வரிசையைத் திருப்பிப் போடப் போகிறேன். தை மாத ஞாயிற்றுக்கிழமை நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்குச் சைக்கிள் மிதித்த கூட்டத்தில் நான்தான் கடைசி. முன்னால் போனவர்களைச் சேந்தமங்கலம் தாண்டியபோதே கண்ணில் இழந்துவிட்டேன். பின்னால் இருந்தவர்களைத்தான் எனக்குத் தெரியும்.

எனக்குப் பின்னால் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் சைக்கிளில், ஒருவர் வேனில்.

சைக்கிளில் வந்த பெண்ணுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. அவர் நினைத்திருந்தால் எனக்கு வெகுநேரம் முன்பே மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் உட்கார்ந்து காபி குடித்திருக்கலாம். ஆனால் யார் கடைசியோ அவருக்குப் பின்னால் வருவதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. வேகமாக மிதிக்கத் தெரிந்தவருக்கு ஏற்றத்தில் மெதுவாக மிதிப்பது தண்டனை. நடை வேகத்துக்குக் கீழே போனால் சைக்கிள் தள்ளாடும். ஹேண்டில்பாரை அப்படியும் இப்படியும் இழுத்து நேராக வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தோளும் முதுகும் பிடித்துக்கொள்ளும். அதை அவர் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் செய்தார். “இன்னும் கொஞ்சம்தான்” என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் இல்லை என்பதுதான் ஒவ்வொரு வளைவிலும் பலகையில் எழுதியிருக்கிறதே, 22/70 என்று! அதற்குப் பதிலாகத் தன் வீட்டில் நடக்கும் மாப்பிள்ளை தேடும் படலத்தைச் சொல்லிக்கொண்டு வந்தார். முப்பதாவது வளைவுக்குள் இரண்டு மாப்பிள்ளைகள் வந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போனார்கள். மூன்றாமவர் கதை என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளவே மேலே இருந்த பாதித் தூரத்தை ஏறினேன் என்றால் மிகையில்லை. (பெயர் எதையும் எழுத மாட்டேன், பயப்படாதே அம்மா.)

வேன் ஓட்டிய தம்பிக்கு என் நன்றி இன்னும் பெரியது. கடைசி ஆளுக்குப் பின்னால் வண்டியை முதல் கியரில் உருட்டிக்கொண்டே வந்தால் கிளட்ச் தீய்ந்துபோகும், முன்னால் போகிறவருக்கு மனமும் தீய்ந்துபோகும். முதுகுக்குப் பின்னால் ஒரு என்ஜின் உறுமிக்கொண்டே இருப்பது எப்படிப்பட்ட அவசரத்தை உண்டாக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அவர் அப்படி வரவில்லை. ஒரு வளைவில் வண்டியை ஓரங்கட்டி என்ஜினை அணைத்துவிடுவார். நான் இரண்டு வளைவு ஏறிய பிறகு வந்து, மறுபடி நிறுத்திக்கொள்வார். எட்டிப் பார்த்தால் அவர் கண்ணில் நான் படுவேன், என் காதில் அவர் வண்டி விழாது. இதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். நாமக்கல்காரர், லாரியில் வளர்ந்த கை.

இந்த இரண்டு பேரும் நாள் முழுவதும் என்னிடம் ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. “வண்டியில் ஏறிக்கொள்கிறீர்களா, அக்கா?” என்ற கேள்விதான் அது.

இதற்கு முன் வேறொரு மலைப் பயணத்தில் அந்தக் கேள்வியை ஒவ்வொரு திருப்பத்திலும் கேட்டார்கள். கேட்டவர்கள் நல்லவர்கள், அக்கறையோடுதான் கேட்டார்கள். ஆனால் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவரிடம் நிழலும் இருக்கையும் உள்ள ஒரு வண்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பத்து முறை கேட்டால், பதினோராவது முறை கால் தானாக ஏறிவிடும். இம்முறை முதல் நாள் மாலைக் கூட்டத்திலேயே ஒருங்கிணைப்பாளர்கள் உறுதியாகச் சொல்லிவிட்டார்களாம்: வண்டி வேண்டும் என்று சைக்கிள் ஓட்டுபவர்தான் கேட்க வேண்டும், நிறுத்தச் சொல்லும் உரிமை செவிலியர் ஒருவருக்கு மட்டும் உண்டு. அந்த விதியை யோசித்தவர் யாரென்று கேட்டேன். ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டார்கள். யாராக இருந்தாலும் சரி, நான் மேலே போய்ச் சேர்ந்ததற்கு என் தொடைக்கு இணையான பங்கு அவருக்கு உண்டு.

அந்தச் செவிலியரும் சும்மா இருக்கவில்லை. 35ஆவது வளைவில் நாடி பார்த்து, உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலை ஒரு புட்டி குடிக்க வைத்து, விரல்கள் வீங்கியிருக்கின்றனவா என்று மோதிரத்தைத் திருப்பிப் பார்த்தார். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டு வந்தால் உடம்பில் உப்பு குறைந்துபோகும் என்று எனக்குப் பாடம் நடத்தினார். முப்பது ஆண்டு பாடம் நடத்தியவள் நான். நல்ல ஆசிரியரை அடையாளம் தெரியும்.

அடுத்து வளைவுகளில் கொடியோடு நின்ற மாணவர்கள். இவர்களைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். மலையடிவாரத்தில் இருக்கும் காரவள்ளியில் தொடங்கி மேலே போகும் அந்தச் சாலை இருபது கிலோமீட்டருக்கும் அதிகம். ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏற்றம். கொண்டை ஊசி வளைவில் உள்பக்கம் செங்குத்து, வெளிப்பக்கம் சற்றுச் சாய்வு. நாம் சாலையின் இடப்பக்கம் போகிறவர்கள். ஆகவே வலப்பக்கம் திரும்பும் வளைவு நமக்கு இரக்கம் காட்டும். வெளிவட்டத்தில் அகலமாகச் சுற்றிக்கொள்ளலாம். இடப்பக்கம் திரும்பும் வளைவில் உள்மூலையில் மாட்டிக்கொள்வோம்; அங்கேதான் முன்சக்கரம் மேலே எழும்பும், கால் தரையில் ஊன்றும். மாணவர்களை எங்கே நிறுத்தியிருந்தார்கள் என்று கவனித்தேன். பெரும்பாலும் இடப்பக்கத் திருப்பங்களில். மேலே இருந்து வண்டி வரவில்லை என்றால் ஒரு விசில், அகலமாகச் சுற்றிக்கொள்ளலாம். வண்டி வருகிறது என்றால் இரண்டு விசில், ஓரமாக நின்றுவிட வேண்டும். இதைத் திட்டமிட்டவர் அந்த மலையை மிதித்து ஏறியவராகத்தான் இருக்க வேண்டும். காரில் போய்ப் பார்த்தவருக்கு இது தோன்றாது.

பேருந்து ஓட்டுநர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன். மலைச் சாலையில் அகலம் போதாத இடத்தில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. சைக்கிளும் வண்டிதான் என்று ஒப்புக்கொள்கிறவர்கள் குறைவு. அன்று இறங்கிவந்த அரசுப் பேருந்து ஒன்று வளைவுக்கு மேலேயே நின்று, நான் ஏறிக் கடக்கும்வரை காத்திருந்தது. ஜன்னலோரம் இருந்த பாட்டி ஒருவர் ஓட்டுநரைத் திட்டவில்லை, என்னைத்தான் திட்டினார்: “இந்த வயசுல எதுக்குடி உனக்கு இது?” பதில் சொல்ல மூச்சு இல்லை. பாட்டிக்கும் நன்றி.

சுற்றுலாக் கார்களில் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்து, பக்கத்தில் உரசிக்கொண்டு ஹாரன் அடித்து, காலிப் புட்டியைப் பள்ளத்தில் வீசியவர்களுக்கு நன்றி இல்லை. அந்தப் புட்டிகளை மறுநாள் பொறுக்கியவர்கள் அந்தக் கொடி பிடித்த மாணவர்கள்தான் என்று கேள்விப்பட்டேன்.

சேந்தமங்கலம் சாலையில் லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டும் கடைக்காரரை மறந்தால் பாவம். என் பின்சக்கரம் அங்கே இறங்கிவிட்டது. சைக்கிளில் இருப்பது மெல்லிய பிரெஸ்டா வால்வு. லாரிக்குக் காற்றடிக்கும் குழாய் அதில் பொருந்தாது. அவர் அதை உற்றுப் பார்த்தார், உள்ளே போய் ஒரு பித்தளைத் தொப்பியைத் தேடி எடுத்து வந்தார், மாட்டினார், காற்று ஏறியது. யாரோ ஒரு சைக்கிள்காரர் போன வருடம் விட்டுப்போனதாம்; இன்னொருவருக்கு ஆகும் என்று எடுத்து வைத்திருக்கிறார். காசு வாங்க மறுத்துவிட்டார். காளப்பநாயக்கன்பட்டியில் மிளகும் உப்பும் தூவி அவித்த முட்டை கொடுத்த கோழிப்பண்ணைக்காரரும் அப்படித்தான். நாமக்கல்லில் வந்து முட்டைக்குக் காசு கேட்டால் ஊருக்கு அசிங்கம் என்றார்.

பெண்களாக வந்தவர்கள் எல்லோர் சார்பிலும் சோளக்காட்டில் ஒரு வீட்டுக்கு நன்றி சொல்கிறேன். எந்த அறிவிப்பிலும் எழுதாத விஷயம் இது: இத்தனை நேரம் சைக்கிளில் போகிற பெண் எங்கே ஒதுங்குவாள்? அந்த வீட்டு அம்மா வாசலில் காயப்போட்டிருந்த காபிப் பழங்களை ஒரு பக்கம் தள்ளி வழிவிட்டு, குளியலறைச் சாவியைக் கதவிலேயே விட்டுவைத்து, வெந்நீரும் வைத்திருந்தார். கடைசியாகப் போன எனக்கும் வெந்நீர் மீதி இருந்தது. இதை ஏற்பாடு செய்தது குழுவில் இருந்த பெண்கள். ஆண்கள் மட்டும் திட்டமிட்டிருந்தால் வரைபடத்தில் காட்சிமுனைகள்தான் இருந்திருக்கும்.

மலைமேல் செம்மேடு என்ற ஊரில் சமைத்த மகளிர் குழுவினர், நான் வரும்வரை ஒரு பாத்திரத்தை மூடி வைத்திருந்தார்கள். சாமைச் சோறு, மிளகு ரசம், மலைவாழைப்பழம். நான் கடைசிப் பந்தி என்பதால் அவர்களும் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். முன்னால் போனவர்களுக்கு இது கிடைக்கவில்லை. மலையில் மரவள்ளி வந்தபிறகு சாமை, தினைக் காடுகள் சுருங்கிப்போனதையும், 1990களிலிருந்து எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே சிறுதானிய விதைகளைக் காக்கும் வேலை செய்துவருவதையும் பேசிக்கொண்டிருந்தோம். அரவை இயந்திரம் வருவதற்கு முன் சாமையை உரலில் குத்திக் குத்தியே கை காய்த்துப்போகும் என்று ஒருவர் உள்ளங்கையைக் காட்டினார். ஹேண்டில்பாரைப் பிடித்துச் சிவந்திருந்த என் கையை மடியில் மறைத்துக்கொண்டேன்.

இறக்கம் குறித்துச் சுருக்கமாக. பத்து வளைவுக்கு ஒருமுறை எல்லோரையும் நிறுத்தி, ரிம்மைத் தொட்டுப் பார்த்து, சூடு தணிந்த பிறகுதான் விட்டார்கள். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் கொதித்து உள்ளே டியூப் வெடித்துவிடும். அவசரக்காரர்கள் முணுமுணுத்தார்கள். சருகில் சறுக்கி விழுந்த ஒரு பையனுக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று என்றால், அந்த நிறுத்தங்கள்தான் காரணம்.

ஒருங்கிணைப்பாளர்களுக்கு ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நன்றிக்கு மதிப்பிருக்காது. பதக்கம் எதற்கு? அந்தப் பணத்துக்கு இன்னொரு வேன் வைத்தால், பாதியில் நின்றவர்கள் அடுத்த வண்டிக்காக வெயிலில் காத்திருக்க வேண்டியிருக்காது. அடுத்த ஆண்டு யோசியுங்கள்.

அடுத்த ஆண்டு நான் மிதிக்கப் போவதில்லை. 35ஆவது வளைவில் உப்புக் கரைசல் கொடுக்கும் வேலைக்கு இப்போதே பெயர் கொடுத்துவிட்டேன். வேறு யாரும் அந்த இடத்தைக் கேட்டு வராதீர்கள்.

கடைசியாக ஒரு செய்தி: என் பையில் வேறொருவருடைய நீலநிறக் கையுறை ஒன்று வந்துவிட்டது, வலக்கைக்கானது. உரியவர் அடுத்த ஞாயிறு காலை ஓட்டத்தில் என்னிடம் வாங்கிக்கொள்ளலாம். நான் எங்கே இருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும், பின்னாலேதான்.