செக்ரட்டரி அம்மாவுக்கு ஒரு லெட்டர்

ஹாய் டி,

உன் மெயில் பாத்தேன். பேரண்ட்ஸ் அசோசியேஷன் செக்ரட்டரி ஆயிட்டேன்னு படிச்சதும் சிரிப்பு தாங்கல. படிக்கற காலத்துல ஆபீஸ் ரூம் பக்கமே தலைவச்சுப் படுக்காதவ நீ. எனக்கு இங்க எல்லாம் ஓகேதான், முட்டி வலி அப்பப்ப வரும் போகும், பெரியவ பரீட்சைய முடிச்சுட்டு நாள் பூரா தூங்கறா, நான் வேலை பாக்கற ஸ்கூல் ஆபீஸ்ல புது சாஃப்ட்வேர் போட்டுருக்காங்க, பழைய ரெஜிஸ்டர்ல இருக்கறத எல்லாம் அதுல ஏத்தறதுக்குள்ள கண்ணு அவிஞ்சுடும் போல.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வர்றேன். "ஹை ஸ்கூல்ல நாங்க பேரண்ட்ஸ் என்ன செய்யலாம், எங்க கைய வைக்கக்கூடாது"ன்னு கேட்டிருக்க. ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு இத்தன வருஷமா இதையேதான் பாத்துட்டிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படி.

மொதல்ல, மீட்டிங் போடறதுக்கு முன்னாடி ஒரு நாள் காலைல மணி அடிக்கறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே போய் ஆபீஸ்ல ஓரமா நின்னு பாரு. நிஜமான ஸ்கூல் அப்பதான் ஆரம்பிக்குது. நாலு டீச்சர் லீவுன்னு போன் வரும், அதுல ரெண்டு பேர் ஒரே சப்ஜெக்ட்டா இருப்பாங்க, யாருக்கு எந்த பீரியட் ஃப்ரீ, யார் நேத்தே ரெண்டு எக்ஸ்ட்ரா க்ளாஸ் எடுத்தவங்க, யார அனுப்பினா மூஞ்சியத் தூக்கி வச்சுப்பாங்கன்னு எல்லாம் பாத்து வைஸ் பிரின்சிபால் சப்ஸ்டிட்யூஷன் போட்டுட்டிருப்பார், அந்த நேரம் பாத்து தண்ணி வரலன்னு ஒருத்தர் வந்து நிப்பார், பையனோட செர்ட்டிஃபிகேட்ல பேர் தப்புன்னு ஒரு அம்மா சண்டைக்கு வருவாங்க. மணி அடிச்சதும் எல்லா க்ளாஸ்லயும் ஒரு டீச்சர் நிப்பாங்க. அது தானா நடந்துச்சுன்னுதான் எல்லாரும் நினைச்சுப்பாங்க.

டைம்டேபிள் சமாச்சாரம் தெரியுமா உனக்கு? லேப் ஒண்ணு, க்ரவுண்ட் ஒண்ணு, பார்ட் டைம் மியூசிக் சார் ரெண்டு நாள்தான் வருவார், கணக்கு எல்லா க்ளாஸுக்கும் காலைலயே வேணும். இதெல்லாம் பொருந்தற மாதிரி போடறதுக்குள்ள தாவு தீந்துடும். இது நம்ம மக்குத்தனம் இல்லடி. டைம்டேபிள் போடறது அடிப்படையிலயே கஷ்டமான கணக்கு வகையச் சேந்ததுன்னு, என்பி-கம்ப்ளீட்னு சொல்வாங்களே அது, 1976லயே ஈவன், இடாய், ஷமிர்னு மூணு கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆளுங்க நிரூபிச்சுட்டாங்க. அதனால உங்க அசோசியேஷன்ல யாராவது "என் பையனுக்கு அந்த ஒரு பீரியட மட்டும் மாத்திக் குடுங்க"ன்னு ஆரம்பிச்சா தயவுசெஞ்சு நீயே உக்கார வச்சுடு. ஒண்ண இழுத்தா பத்து க்ளாஸ் சேந்து வரும்.

அப்புறம் யாரும் கண்டுக்காத ஆளுங்க. லேப் அசிஸ்டெண்ட்டயே எடுத்துக்கோ. பாட்டில கழுவி வைக்கறவர்னுதான் எல்லாரும் நினைக்கறாங்க. கெமிக்கல்ஸ அகரவரிசைல அடுக்கக்கூடாது, நைட்ரிக் ஆசிட் பக்கத்துல அசிட்டிக் ஆசிட் இருக்கக்கூடாது, தீப்பிடிக்கறது ஒரு இடம், தீய வளக்கறது வேற இடம், இதெல்லாம் தெரிஞ்ச ஒருத்தர் அங்க இருக்கறதாலதான் ப்ராக்டிகல் அன்னிக்கு நாம நிம்மதியா இருக்கோம். நல்ல மனசோட வந்த ஒரு பேரண்ட் "நான் லேப ஒழுங்கா அடுக்கித் தர்றேன்"னு ஏபிசிடி வரிசைல வச்சுட்டுப் போனா என்ன ஆகும்னு யோசி.

கேட்ல இருக்கற அண்ணன் விசிட்டர் நோட்ல கையெழுத்துப் போடச் சொன்னா நிறைய பேருக்கு கோவம் வருது, "என்னைத் தெரியாதா"ன்னு. தீ விபத்துன்னு பெல் அடிச்சா க்ளாஸ் அட்டெண்டன்ஸும் அந்த நோட்டும்தான் வெளிய வரணும், உள்ள யார் மாட்டிக்கிட்டு இருக்காங்கன்னு வேற எதை வச்சு எண்றது? செக்ரட்டரி மொதல்ல கையெழுத்து போடு, மத்தவங்க தானா போடுவாங்க.

பிரின்சிபால் பத்தி நீ எழுதினதப் படிச்சேன், "ரூமுக்குள்ளயே இருக்காங்க, சிரிக்க மாட்டேங்கறாங்க"ன்னு. இருக்கலாம். ஆனா அந்த ரூமுக்குள்ள வர்றது எல்லாமே வேற யாராலயும் முடிக்க முடியாம மிச்சம் வந்த பிரச்சினைதான், சுலபமானது எல்லாம் வெளியவே தீந்துடும். ரெண்டு மாசம் பாத்துட்டு அப்புறம் சொல்லு.

இப்ப வாலன்டியர் விஷயம். இதுல எனக்கு கொஞ்சம் அழுத்தமான அபிப்ராயம் இருக்கு, நீ கோச்சுக்காத. பேரண்ட்ஸ் வந்து ஸ்போர்ட்ஸ் டே அன்னிக்கு நிக்கறது, லைப்ரரி புக்குக்கு அட்டை போடறது, பெரிய பசங்ககிட்ட தன் வேலையப் பத்தி ஒரு மணி நேரம் பேசறது, இதெல்லாம் ரொம்ப நல்லது, ஆரம்பமும் முடிவும் தெரியற வேலை. ஆனா லைப்ரரியன் போஸ்ட் காலியா கிடக்கு, நாலு அம்மாங்க மாத்தி மாத்தி உக்காந்து ஓட்டறாங்கன்னா அங்கதான் சிக்கல். மேல கேட்டா "அதான் லைப்ரரி நடக்குதே"ன்னு சொல்லிடுவாங்க. நல்லது செய்யப்போய் ஒருத்தரோட வேலைய நாமளே இல்லாம பண்ணிட்டோம்னு ஆகும். அந்த நாலு அம்மாங்களோட பசங்க படிச்சு முடிச்சு வெளிய போனதும் லைப்ரரிக்குப் பூட்டு.

அதுக்காக வாலன்டியரே வேணாம்னு சொல்லல. எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை ஒண்ணு இருக்கு. 1902ல நியூயார்க்ல கண்ணு நோய், படர்தாமரை, பேன்னு டாக்டருங்க செக் பண்ணி பசங்கள வீட்டுக்கு அனுப்பிட்டே இருந்தாங்க, அனுப்பறதோட சரி, வைத்தியம் பாக்கறதுக்கு ஆள் கிடையாது, பசங்க பாட்டுக்கு தெருவுல. லிலியன் வால்ட்னு ஒரு அம்மா, சேவை நிலையம் ஒண்ணு நடத்தினவங்க, தன்கிட்ட இருந்த லினா ராஜர்ஸ்ங்கற நர்ஸ ஒரே ஒரு மாசம் பாருங்கன்னு நாலு ஸ்கூலுக்கு அனுப்பினாங்க. அந்த நர்ஸ் ஸ்கூல்லயே மருந்து போட்டு, வீடு வீடாப் போய் அம்மாக்களுக்கு சொல்லிக் குடுத்தாங்க. அந்த ஒரு மாசத்தப் பாத்துட்டு சிட்டியே சம்பளம் குடுத்து இன்னும் நர்ஸுங்கள வேலைக்கு எடுத்துச்சு. மான்ஹாட்டன்ல 1902 செப்டம்பர்ல வீட்டுக்கு அனுப்பின பசங்க 10,567 பேர், அடுத்த வருஷம் அதே மாசம் 1,101 பேர். இதுல எனக்குப் பிடிச்சதே அந்த ஒரு மாசக் கெடுதான். சும்மா செஞ்சு காட்டினாங்க, அப்புறம் அத ஒரு போஸ்ட்டா மாத்தினாங்க. காலம் பூரா ஓசில ஓட்டல.

அதே நாட்டுக்காரங்கதான் 1897ல அம்மாக்கள் காங்கிரஸ்னு வாஷிங்டன்ல கூடினாங்க, இன்னிக்கு அமெரிக்கால பிடிஏன்னு சொல்றதுக்கு ஆரம்பம் அது. பின்னாடி குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கெல்லாம் குரல் குடுத்தவங்க. அசோசியேஷன்னா கேக்கறதுக்குன்னு ஒரு அமைப்பு, அத மறந்துட்டு நிதி திரட்டற மெஷினா ஆயிடறோம். லைப்ரரியன் போஸ்ட் இத்தன மாசமா காலின்னு தேதி போட்டு லெட்டர் எழுது. பிரின்சிபால் தனியா எழுதினா ஒரு பேப்பர், பேரண்ட்ஸும் சேந்து எழுதினா மேல இருக்கறவங்க திரும்பிப் பாப்பாங்க. வேணும்னா டிராஃப்ட் அனுப்பு, ஆபீஸ் பாஷைல திருத்தித் தர்றேன்.

சின்னச் சின்ன விஷயமும் இருக்கு. காசு வாங்கினா ரசீது, பேங்க்ல ரெண்டு கையெழுத்து, கணக்க எல்லாரும் பாக்கற மாதிரி வை, நம்பிக்கை வேற கணக்கு வேற. மார்க் லிஸ்ட், அட்ரஸ், யார் ஃபீஸ் கட்டல இதெல்லாம் டேபிள்ல கிடந்தாலும் வாலன்டியர் கண்ணுல படக்கூடாது, பட்டா வெளிய வாய் திறக்கக்கூடாது. வாட்ஸப் க்ரூப்ல டீச்சர் பேரப் போட்டு ஒருத்தர் ஆரம்பிச்சா அன்னிக்கே நிறுத்து, ராத்திரிக்குள்ள அது வேற கதையா ஆயிடும், மறுநாள் கவுன்ட்டர்ல அதுக்கு பதில் சொல்றது நான் மாதிரி ஒருத்திதான்!

முக்கியமா, இதக் கேக்க மறந்துடாத: உங்க ஸ்கூல்ல எந்தெந்த போஸ்ட் இருக்கணும், இப்ப எது எது காலின்னு ஆபீஸ்ல கேட்டு வாங்கி எனக்கு ஃபோட்டோ எடுத்து அனுப்பு. க்ளர்க் அம்மா மொதல்ல குடுக்க மாட்டாங்க. ரிசல்ட் சீசன் முடிஞ்சதும் போய் கேளு, அதுக்கு முன்னாடி போனா நானே குடுக்க மாட்டேன்.

அண்ணனக் கேட்டதா சொல்லு. சின்னவன் எந்த க்ரூப் எடுக்கறான்னு நீ எழுதவே இல்லையே?

உன்
பழைய பெஞ்ச் மேட்