கழற்றினாலும் அழகாக இருக்க வேண்டும்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. புது ஆபீஸ் பிடித்துப்போனதில் சந்தோஷம். உன் மகன் தனியாகச் சமைக்கிறான் என்பதை மட்டும் நேரில் பார்த்தால்தான் நம்புவேன். எனக்கு முதுகு வலி தேவலை, மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டேன்.

சரி, இந்தக் குளிருக்கு ஆபீஸுக்கு என்ன போட்டுக்கொண்டு போவது என்று கேட்டாயே, அதற்கு வருகிறேன். காலையில் 12 டிகிரி, மத்தியானம் 20 என்கிறாய். இந்தக் குளிருக்குப் போய்த் தடியான கோட் எதற்கடி? காலையில் கொஞ்ச நேரம் போட்டுவிட்டு, மீதி நாள் முழுக்கக் கையில் சுமந்துகொண்டு அலைவாய். ஒன்றன்மேல் ஒன்றாகப் போட மெல்லிசாக மூன்று உடுப்பு இருந்தால் போதும். துணிகளுக்கு இடையில் அடைபட்டு நிற்கிற காற்றுதான் பாதிக் குளிரைத் தடுக்கிறது. அதனால் எதையும் இறுக்கமாக எடுக்காதே.

கடையில் கண்ணாடி முன்னால் நிற்கும்போது, மேலே இருப்பதைக் கழற்றிவிட்டுப் பார். அப்போதும் வெளியே போகிற மாதிரி இருக்கிறாயா? பல பேர் உள்ளே கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். அப்புறம் வியர்த்துக் கொட்டினாலும் கோட்டைக் கழற்ற மாட்டார்கள். பாவம்.

உள்ளே போடுவதற்குப் பருத்தியை விட மெல்லிய மெரினோ கம்பளி, அதாவது மெரினோ ஆட்டின் மென்மையான கம்பளி, நல்லது. நீ ஓட்டமும் நடையுமாகப் போகிறவள். பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். சாயங்காலக் காற்று பட்டால் நடுங்குவாய். மெரினோ தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீத ஈரத்தை இழுத்துக்கொண்டாலும் தொட்டால் ஈரம் தெரியாது. குத்தவும் குத்தாது.

நடுவில் கார்டிகன், முன்பக்கம் பொத்தான் வைத்த ஸ்வெட்டர். தலைவழியாகக் கழற்றுகிற ஸ்வெட்டர் முடியைக் கலைக்கும், மூக்குக் கண்ணாடியையும் இழுத்துக்கொண்டு வரும். பொத்தான் என்றால் இரண்டைத் திறந்துவிட்டாலே புழுக்கம் குறையும். மேலே போடுவதற்கு முடிந்தால் ராக்லன் கை வைத்ததாகப் பார். தோள்பட்டையில் தையல் இல்லாமல், கழுத்திலிருந்து அக்குள் வரை சாய்வாக வருமே, அதுதான். உள்ளே எத்தனை போட்டாலும் தோளில் துணி திரண்டு நிற்காது. 1815இல் வாட்டர்லூ போரில் வலது கையை இழந்த ராக்லன் பிரபுவின் பெயர் அது. பின்னாளில் கிரிமியப் போரில் அவருக்குக் கீழே குதிரைப்படைப் பிரிவு ஒன்றை நடத்தியவர் கார்டிகன் பிரபு. சண்டைக்குப் போனவர்கள் நம் அலமாரியில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், பார்.

அழகு நீளத்தில்தான் கெடும். உள்சட்டை கார்டிகனுக்குக் கீழே இரண்டு விரல் தெரிந்தால் எடுப்பு. ஒரு சாண் தொங்கினால் அவசரத்தில் மாட்டியது போல இருக்கும். நிறத்தை ரொம்பக் கலக்காதே. பழுப்பு என்றால் பழுப்புச் சாயலிலேயே ஒன்று வழவழப்பாக, ஒன்று கார்டுராய் மாதிரி வரிவரியாக, ஒன்று பின்னலாக இருக்கட்டும். ஸ்கார்ஃப் மட்டும் கண்ணைப் பறிக்கலாம். உன் கடுகு மஞ்சள் ஸ்கார்ஃபைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே?

நான் மறுபடி பின்னல் ஊசியைக் கையில் எடுத்திருக்கிறேன். உனக்குத்தான், ராக்லன் கை வைத்த கார்டிகன். கழுத்திலிருந்து கீழே பின்னிக்கொண்டு வருவதால் நீளத்தைக் கடைசியில் முடிவு செய்துகொள்ளலாம். மார்பளவும் கை நீளமும் மட்டும் உடனே எழுதி அனுப்பு. பழைய அளவைச் சொல்லி என்னை ஏமாற்றாதே.

அன்புடன்,
உன் தோழி