ட்ராகுலா ஊரிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். நீங்கள், அப்பா, அக்கா, மச்சான், தம்பி எல்லோரும் சுகமாக இருக்க மாரியம்மாவை வேண்டிக்கொள்கிறேன். நீங்கள் சொல்லச் சொல்லத் தம்பி எழுதி, போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய கடிதம் கிடைத்தது. ஓலெவல் பரீட்சை எழுதப் போகிறவனுக்கு 'ள'வும் 'ழ'வும் இன்னும் தகராறுதான், பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அக்காவைக் காட்டேரி அடித்திருக்கிறது என்று எழுதியதற்குப் பிறகு வருகிறேன், முதலில் நீங்கள் பயந்து கேட்டதற்குப் பதில். ஆமாம், அந்தப் படத்தில் வருகிற ட்ராகுலாவின் ஊர் நான் இருக்கிற ருமேனியாதான். அதைப் போனில் போட்டுக் காட்டி உங்கள் தூக்கத்தைக் கெடுத்தவன் யாரென்று எனக்குத் தெரியும், ஊருக்கு வரும்போது கவனித்துக்கொள்கிறேன். என் கழுத்தை இதுவரை யாரும் கடிக்கவில்லை அம்மா. ட்ராகுலா கோட்டை என்று எல்லோரும் சொல்கிற பிரான் கோட்டை எங்கள் பிராஷோவ் டவுனிலிருந்து 30 கிலோமீற்றர்கூட வராது. ஒரு லீவு நாளில் என்னோடு அறையில் இருக்கிற நேபாளத்துப் பையனும் காலிப் பக்கத்துச் சிங்களப் பையனும் நானும் பஸ் பிடித்துப் போனோம். உள்ளே போக டிக்கட் எடுக்க வேண்டும். வெளியில் இருந்து பார்த்தால்தான் கோட்டை அழகு என்று சொன்னார்கள், அதனால் வெளியிலேயே நின்று படம் எடுத்துக்கொண்டோம். கீழே சந்தை முழுக்கப் பல் நீட்டின முகமூடி, ரத்தம் வழிகிற மாதிரி படம் போட்ட கோப்பை, சின்னப் பிள்ளைகளுக்குக் கறுப்புப் போர்வை. தேர்த் திருவிழா கடைத்தெருவில் விற்கிற சாமானைவிட விலை அதிகம், மற்றபடி அதே கூட்டம்தான்.

அந்தக் கோட்டைக்கும் ட்ராகுலாவுக்கும் பெரிய சம்பந்தமே இல்லையாம். 1377ஆம் ஆண்டுப் பத்திரத்திலேயே அதைக் கட்டுவதைப் பற்றி எழுத்து இருக்கிறது, பிறகு 1920இல் ருமேனிய மகாராணி ஒருவருக்குக் கொடுத்து, அவர் கோடைக்கு வந்து தங்கின இடம் அது. 1897இல் ட்ராகுலா கதையை எழுதிய ப்ராம் ஸ்டோக்கர் அயர்லாந்துக்காரர், இந்த நாட்டில் காலே வைத்ததில்லை, புத்தகங்களை வாசித்தே எழுதிவிட்டார். பேருக்கு மூலமான ராசா மட்டும் நிஜம். விளாட் என்று பெயர், 1400களில் இந்த மலைகளுக்குத் தெற்கே வலாக்கியா என்ற நாட்டை ஆண்டவன். பிடிபட்டவர்களைக் கழுவில் ஏற்றிக் கொன்ற கொடுமைக்காரன்தான், ஆனால் ரத்தம் குடித்தான் என்று இங்கே யாரிடமாவது சொன்னால் சண்டைக்கு வருவார்கள். துருக்கி சுல்தானையே எதிர்த்து நின்றவன் என்று அவர்களுக்கு அவ்வளவு பெருமை.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. பேக்கரியில் வேலை என்பதால் பாண் எப்போதும் இருக்கும். உடைந்தது, ஓரம் கருகினது எல்லாம் எங்களுக்குத்தான், அதை விரும்பியே சாப்பிடுகிறோம். இந்த ஊர்க்காரர் சோர்பா என்று புளிச்ச சூப் ஒன்று வைப்பார்கள், மாமாலிகா என்று சோளமாவில் களி கிண்டுவார்கள், கோவா இலையில் அரிசியும் கொத்தின இறைச்சியும் வைத்துச் சுற்றி அவிப்பார்கள். அந்தக் களிக்கு நம் கட்டசம்பல் மட்டும் இருந்தால்! தேத்தண்ணி விஷயத்தில்தான் ஏமாந்துபோனேன். தேத்தண்ணி கேட்டால் ஏதோ மரத்துப் பூவை வெந்நீரில் போட்டுத் தருகிறார்கள், கூடவே "சுகமில்லையா?" என்று கேட்கிறார்கள். காய்ச்சல் தடிமன் வந்தால் குடிக்கிற சாமான் அது இங்கே. விடிய விடிய ஆயிரக்கணக்கான பேர் மலை ஏறிக் கொழுந்து பறிக்கிற ஊரிலிருந்து வந்தவன் என்று அவர்களுக்கு எப்படி விளக்குவது.

வேலை ராத்திரியில்தான். பத்து மணிக்குப் போய் விடிந்து வருவோம், பகலில் திரையை இழுத்துவிட்டுப் படுப்போம். குளிர்காலத்தில் நாலரை, ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடுவதால் வெயிலைப் பார்ப்பதே அபூர்வம். "மச்சான், இந்த ஊரில் ரத்தக் காட்டேரி நாங்கள்தான்" என்று காலிப் பையன் சொல்லிச் சிரிப்பான்.

எங்கள் பக்கத்து வீட்டில் தனியாக ஒரு கிழவி இருக்கிறார். ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர். நான் குப்பை போடப் போனாலும் ஜன்னலைத் திறந்து "தொப்பி எங்கே?" என்று சத்தம் போடுவார். நவம்பர் 29ஆம் திகதி ராத்திரி ஒரு வேலை செய்தார் பாருங்கள். மறுநாள் அந்திரேயர் திருநாள், அதற்கு முந்தின ராத்திரி ஸ்ட்ரிகோய் நடமாடும் என்பது இவர்கள் நம்பிக்கை. செத்தும் அடங்காமல் குழியிலிருந்து எழுந்து வருகிற பிரேதம் அது, முதலில் சொந்தக்காரர்களைத்தான் பிடிக்குமாம். அதற்காகக் கிழவி தன் ஜன்னல் சட்டமெல்லாம் வெள்ளைப்பூண்டைத் தேய்த்துவிட்டு, எங்கள் கதவிலும் ஒரு பூண்டுச் சரம் கட்டிவிட்டுப் போனார். காலிப் பையன் அதில் இரண்டு பூண்டைப் பிய்த்துப் பருப்பில் போட்டுவிட்டான், அடுத்த நாள் எண்ணிப் பார்த்துவிட்டு ஏசினார் பாருங்கள்! நிஜமாகவே நம்புகிறீர்களா என்று போனில் மொழிபெயர்த்துக் கேட்டேன். தோளைக் குலுக்கிவிட்டு, நம்பவில்லை, ஆனால் பூண்டு மலிவுதானே என்றார்.

எல்லோரும் அப்படி விளையாட்டாக இருப்பதில்லை. 2004இல் இந்த நாட்டின் தென்மேற்கே மரோதினு என்ற கிராமத்தில், குடும்பத்தில் ஒரு பெண்ணுக்குச் சுகமில்லாமல் போனதும், கொஞ்ச நாள் முன்பு செத்த கிழவர்தான் வந்து பிடிக்கிறார் என்று முடிவுகட்டி, ராத்திரியில் குழியைத் தோண்டி, நெஞ்சைப் பிளந்து இதயத்தை எடுத்துச் சுட்டு, அந்தச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார்கள். போலீஸ் வழக்குப் போட்டபோது, இதில் என்ன குற்றம், காலம் காலமாகச் செய்கிறதுதானே என்று ஊரே கேட்டதாம்.

பிணம் எப்படி ரத்தம் குடித்த மாதிரி தெரிந்தது என்று கிழவியிடம் கேட்டேன். செத்த உடம்புக்குள் வாயு சேர்ந்து வயிறு உப்பும், பார்க்கிறவனுக்குச் சாப்பிட்டுக் கொழுத்த மாதிரி இருக்கும். உள்ளே அழுகின நீர் சிவப்பும் கறுப்புமாக வாயாலும் மூக்காலும் வரும். தோல் சுருங்குவதால் நகமும் முடியும் வளர்ந்த மாதிரி தோன்றும். நெஞ்சில் கட்டையை இறக்கினால் உள்ளே இருக்கிற காற்று தொண்டை வழியாகத் தள்ளி முனகல் சத்தம்கூட வரும். இதெல்லாம் தெரியாதவன் ராத்திரியில் லாந்தர் வெளிச்சத்தில் குழியைத் திறந்தால் என்ன நினைப்பான்? 1725லும் 1732லும் செர்பியா பக்கத்துக் கிராமங்களில் இப்படித் தோண்டிப் பார்த்ததை ஆஸ்திரியா அரசாங்கத்து ஆட்கள் அறிக்கையாகவே எழுதி அனுப்ப, ஐரோப்பா முழுக்க அதே பேச்சாகிவிட்டது. கடைசியில் 1755இல் மகாராணி மரியா தெரேசா தன் வைத்தியரிடம் விசாரணையை ஒப்படைத்து, எல்லாம் அறியாமை என்று அவர் எழுதிக் கொடுத்த பிறகு, அரசாங்கத்துக்குத் தெரியாமல் பிணத்தைத் தோண்டவோ எரிக்கவோ கூடாது என்று சட்டம் போட்டார்.

தம்பிக்கு ஒரு கணக்கு. ஒரு காட்டேரி மாதம் ஒருவரைக் கடிக்கிறது, கடிபட்டவரும் காட்டேரி ஆகிவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளட்டும், படத்தில் அப்படித்தானே. முதல் மாதம் இரண்டு, அடுத்தது நாலு, பிறகு எட்டு. பத்தாம் மாதம் 1,024. இருபதாம் மாதம் பத்து லட்சத்தைத் தாண்டும். 33ஆம் மாதம் 858 கோடிக்கு மேல், அதாவது மூன்று வருஷத்துக்குள் கடிக்க உலகத்தில் ஆளே மிச்சமில்லை. நாம் இன்னும் இருக்கிறோம் என்பதே அது இல்லை என்பதற்குச் சாட்சி. ரத்தம் குடிக்கிற வௌவால் உண்டு, அதுவும் மூன்றே இனம், எல்லாம் மெக்சிகோவிலிருந்து தென் அமெரிக்கா வரைக்கும்தான், இங்கேயும் இல்லை, நம் நாட்டிலும் இல்லை. நமக்கு ரத்தம் குடிக்கிறது என்றால் அட்டைதான். பயமும் கிடையாது, காலில் உப்பும் சவுக்காரமும் பூசிக்கொண்டு போகிறீர்கள், சாயங்காலம் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து பிடுங்கிப் போடுகிறீர்கள்.

போன கிழமை இங்கே பனி கொட்டியது. நீங்கள் கேட்டீர்களே, பனி எப்படி இருக்கும் என்று. பஞ்சு மாதிரி என்று எல்லோரும் சொல்வார்கள், எனக்குத் தெரிந்தது என்னவென்றால் அதற்குச் சத்தமே இல்லை. கூரையில் முழங்கால் உயரத்துக்கு விழுந்து கிடக்கிறது, ஒரு சொட்டுச் சத்தம் வரவில்லை. நம் லயத்து வீட்டுத் தகரத்தில் மழை அடிக்க அடிக்க, நீங்கள் ஒழுகுகிற இடத்துக்கெல்லாம் சட்டி வைத்துக்கொண்டு திரிய, அப்பா ரேடியோவை இன்னும் கூட்டி வைக்க, அதுக்குள்ளே எப்படித்தான் தூங்கினேனோ தெரியாது. இங்கே இவ்வளவு அமைதியில் தூக்கம் வரமாட்டேன் என்கிறது அம்மா. சில நாள் போனில் மழைச் சத்தம் போட்டுவிட்டுப் படுக்கிறேன், அது வேற எங்கேயோ பெய்கிற மழை. சரி விடுங்கள், பெரிய விஷயம் இல்லை.

அக்கா விஷயத்துக்கு வருகிறேன், இதற்காகத்தான் இத்தனை கதையும். ஆற்றோரம் போய் வந்ததிலிருந்து முகம் வெளுத்துவிட்டாள், நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ஒளித்து ஒளித்துப் பச்சரிசி தின்கிறாள், காட்டேரி அடித்திருக்கிறது, பூசாரி மாமாவைக் கூப்பிட்டுப் பூசை போட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். பூசையை நான் தடுக்கவில்லை. பாட்டி காலத்திலிருந்து வயிற்றுப் பிள்ளைக்காரிக்குக் காட்டேரிப் பூசை போடுகிற குடும்பம், அதைவிட்டால் உங்களுக்கு மனசு ஆறாது. கோழி அறுத்துப் படையுங்கள், வாசனையை அது எடுத்துக்கொள்ளட்டும், கறியை அக்காவுக்குக் கொடுங்கள். ஆனால் பூசை போட்டாச்சு என்று கிளினிக் போகாமல் இருக்கக் கூடாது. அமெரிக்காவில் ரோட் தீவு என்ற மாநிலத்தில் ஒரு குடும்பத்தில் தாய் செத்து, மூத்த மகள் செத்து, பிறகு 1892இல் 19 வயது மகளும் செத்தாள். மகன் படுத்த படுக்கை. செத்த மகள்தான் எழுந்து வந்து அண்ணன் ரத்தத்தைக் குடிக்கிறாள் என்று ஊர்க்காரர் அவள் உடம்பை எடுத்து, இதயத்தைச் சுட்டு, அந்தச் சாம்பலை அவனுக்கே குடிக்கக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் அவனும் போய்விட்டான். அத்தனை பேருக்கும் காசநோய் அம்மா. அந்தக் கிருமியை 1882லேயே கண்டுபிடித்தாச்சு, பத்து வருஷம் கழித்தும் குழியைத்தான் தோண்டினார்கள்.

அக்காவுக்கு இருக்கிற குணங்குறிகளை ஒவ்வொன்றாகக் கிழவியிடம் சொன்னேன். பச்சரிசி என்று சொல்லி முடிக்கவில்லை, ரத்தம் குறைவு, உடனே சோதிக்கச் சொல் என்றார். மண், அரிசி, கரி தின்ன ஆசை வருவதுகூட அதனால்தானாம். அதனால் மச்சானுக்கு ஒரு நாள் பேர் போய்ச் சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை, வருகிற கிளினிக் நாளில் அக்காவைக் கூட்டிக்கொண்டு போகட்டும். ரத்தம் சோதித்து ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கார்டில் எழுதுவார்கள், 11க்குக் கீழே என்றால் குறைவு. ரொம்பக் குறைவு என்று மிட்வைஃப் மிஸ் சொன்னால் யோசிக்காமல் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். இரும்புச்சத்து மாத்திரையை அவள் வயிற்றைப் பிரட்டுகிறது என்று தாச்சிக்குப் பின்னால் ஒளித்து வைப்பாள், எனக்குத் தெரியும், நீங்கள் பக்கத்தில் நின்று விழுங்க வையுங்கள். மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். முக்கியமானது, மாத்திரையைத் தேத்தண்ணியோடு போடவே கூடாது, சாயம் அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. போட்ட பிறகும் ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம் தேத்தண்ணி வேண்டாம், தேசிக்காய்த் தண்ணியோடு போடட்டும். கிளினிக்கில் கொடுக்கிற திரிபோஷா சத்துமா அவளுக்குத்தான், தம்பி உருண்டை பிடித்துத் தின்று தீர்க்கிறானாம், மச்சான் சொன்னான்.

காசு இந்த மாதம் கொஞ்சம் பிந்தும். சம்பளக் கணக்கில் ஏதோ பிடித்திருக்கிறார்கள், சரியாகிவிடும். ஏஜென்சிக்குக் கட்ட வட்டிக்குக் கொடுத்தவர் வந்தால் பதினைந்தாம் திகதிக்குப் பிறகு என்று சொல்லுங்கள், அக்காவின் தோட்டை மீட்கிறதைப் பற்றி இப்போது அவளிடம் பேச வேண்டாம். எனக்குச் சப்பாத்து வாங்க வேண்டும் என்று எழுதியிருந்தேனே, இருக்கிறதே போதும். சீட்டு அத்தையிடம் இந்த முறை நம் பெயரைக் கேட்காதீர்கள், அடுத்த முறை எடுப்போம்.

வீடு கட்டக் கொடுக்கிற ஏழு பேர்ச் காணிக்குப் பேர் எழுத வந்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். என்ன எழுதினார்கள் என்று அப்பாவை ஒருமுறை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், அக்காவும் மச்சானும் தனிக் குடும்பமாக விழ வேண்டும். அப்படியே கணக்குப்பிள்ளை ஐயாவிடமும் பேசச் சொல்லுங்கள். ஆறாவது மாசத்தில் கூடையோடு மேட்டு மலைக்கு அனுப்ப வேண்டாம், சமதரையில் வேலை போடட்டும். பிரசவ லீவு 84 நாள் சட்டத்திலேயே இருக்கிறது, அதையும் கேட்டு வைத்துக்கொள்ளட்டும். கிளினிக் கார்டைத் தம்பி வெளிச்சத்தில் வைத்துப் போட்டோ பிடித்து அன்றைக்கே அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகன்