ஞாயிறு அதிகாலையில் இரண்டு மணி நேரம் வீதியைத் தாருங்கள்

மதிப்பிற்குரிய யாழ்ப்பாண மாநகர முதல்வர், மாநகர சபை உறுப்பினர்கள், போக்குவரத்துப் பொலிஸ் பொறுப்பதிகாரி ஆகியோருக்கு,

வணக்கம்.

நானும் என் கணவரும் யாழ்ப்பாண நகரத்தில் வசிப்பவர்கள். கொழும்பில் நடந்த ஒரு பெரிய வீதி ஓட்டத்தில் அரை மரதன் தூரமாகிய 21.0975 கிலோமீற்றரை அண்மையில் இருவரும் ஓடி முடித்தோம். அதற்கான பயிற்சி முழுவதையும் இந்த நகரத்தின் வீதிகளிலேயே செய்தோம். அந்த அனுபவத்தை முன்வைத்து ஒரேயொரு கோரிக்கையை விடுக்கவே இம்மடலை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அதிகாலை 4.30 மணி முதல் 6.30 மணி வரை நகரத்தின் ஒரு பகுதி வீதியில் வாகனப் போக்குவரத்தைத் தடுத்து, ஓடுபவர்களுக்கும் நடப்பவர்களுக்கும் அதை ஒதுக்கித் தாருங்கள்.

நெடுந்தூர ஓட்டப் பயிற்சியில் தவிர்க்க முடியாதது வாரத்துக்கு ஒருமுறை ஓடும் நீண்ட ஓட்டம். மூச்சு வாங்காமல் பேசக்கூடிய வேகத்தில் தொடங்கி, வாரந்தோறும் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, போட்டிக்கு முந்திய வாரங்களில் 16 அல்லது 18 கிலோமீற்றர் வரை கொண்டு செல்ல வேண்டும். புதிதாக ஓடத் தொடங்கிய ஒருவருக்கு அதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மைதானத்தில் ஓடலாமே என்று பலர் எங்களிடம் கேட்டார்கள். 400 மீற்றர் ஓடுபாதையில் அரை மரதன் தூரத்தை ஓட ஏறத்தாழ 53 சுற்றுகள் வேண்டும். எப்போதும் இடப்பக்கமாகவே வளைவதால் ஒரு கால் மற்றதைவிடக் கூடுதலான சுமையைத் தாங்க நேர்கிறது. வீதியில் நடக்கும் போட்டிக்கு வீதியிலேதான் பழக வேண்டும்.

எங்கள் மண்ணில் அந்த ஓட்டத்தை விடியுமுன் ஓடியாக வேண்டும். வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. கடனீரேரியின் ஈரம் காற்றில் நிறைந்திருக்கும்போது வியர்வை வழிந்து ஓடுமேயொழிய உடற்சூடு தணிவதில்லை. கடும் உழைப்பின்போது உட்சூடு 40 பாகை செல்சியஸைத் தாண்டிச் சித்தம் தடுமாறத் தொடங்கினால் அது உயிராபத்து. ஆகவே தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில் காலை ஏழு மணிக்குப் பின் நீண்ட ஓட்டம் ஓடுவதை எவருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் விடியுமுன் உள்ள அதே வேளையில்தான் டிப்பர் வாகனங்கள் வேகம் குறைக்காமல் விரைகின்றன, கட்டாக்காலி நாய்கள் கூட்டமாகத் துரத்துகின்றன, விளக்கில்லாத இடங்களில் வீதியோரத்துப் பள்ளம் கண்ணுக்குத் தெரிவதில்லை. வெயிலுக்குத் தப்ப இருட்டுக்குள் போகிறோம், இருட்டுக்கு அஞ்சி வெயிலுக்குள் வருகிறோம்.

இந்தச் சிக்கல் எங்கள் இருவருக்கும் ஒரேயளவானதாக இருக்கவில்லை. என் கணவரின் வேகம் என்னுடையதைவிடக் கூடுதலானது. அவர் தனியாக எந்த நேரத்திலும் புறப்படலாம். எவரும் ஏனென்று கேட்பதில்லை. நான் தனியாக ஓடினால் மோட்டார் சைக்கிளில் வருபவர்கள் வேகத்தைக் குறைத்து ஏதாவது சொல்லிவிட்டுப் போவார்கள். சில வேளைகளில் திரும்பியும் வருவார்கள். எனவே நீண்ட ஓட்டங்களில் அவர் எனக்குத் துணையாகத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டார். அவர் ஒருநாளும் குறைப்பட்டதில்லை என்றாலும் அவருடைய பயிற்சி அதனால் கெட்டது. என்னுடையதும் கெட்டது, ஏனெனில் அவருக்கு வேலை இருந்த நாட்களில் நான் ஓடவில்லை. தம்பதியர் சேர்ந்து ஓடுவது அழகான காட்சி என்று வழியில் கண்டவர்கள் சொன்னார்கள். நாங்கள் விரும்பித் தேர்ந்தது பாதிதான். மீதியை வீதி எங்களுக்காகத் தேர்ந்தது.

கொழும்பில் அந்தக் காலைப்பொழுதில் வீதியை மூடியிருந்தார்கள். சந்திகளில் பொலிஸார் நின்றார்கள், குறித்த தூரங்களில் தண்ணீர் இருந்தது, முதலுதவியாளர்கள் ஆயத்தமாக இருந்தார்கள். புறப்பட்ட சிறிது நேரத்தில் கணவர் முன்னே போய்விட்டார். போகும்படி நானே சொன்னேன். இருள் முற்றாக விலகாத ஒரு நகர வீதியில், துணை எவருமின்றி, பின்னால் வரும் ஒலிக்குத் திரும்பிப் பார்க்காமல், என் மூச்சையும் என் கால்களையும் மட்டும் கவனித்துக்கொண்டு நான் ஓடினேன். வயது வந்த பின் எனக்கு அப்படி ஒரு வாய்ப்புக் கிடைத்ததே இல்லை. அதற்காக ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பயணம் செய்ய வேண்டியிருந்தது என்பதை நினைக்கும்போது வேதனையாக இருக்கிறது.

என்னைப் போன்றோர் எத்தனை பேர் வரப்போகிறார்கள் என்று தாங்கள் கேட்கலாம். இங்குள்ள பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலத்தில் மரதன் ஓட்டம் நடக்கும்போது பிள்ளைகள் வீதியில் ஓடுவதையும், ஊரவர் படலையடியில் தண்ணீரோடு நிற்பதையும் நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். 1958ஆம் ஆண்டு டோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்தலில் தங்கம் வென்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் எங்கள் ஊர் மைதானங்களில் பயின்று எழுந்தவர். திறமைக்கோ ஆர்வத்துக்கோ இங்கு குறைவில்லை. ஆனால் பாடசாலையை விட்டு விலகியதும், குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு, ஓடுவதற்கான இடம் இல்லாமற் போகிறது. அமெரிக்காவின் பொஸ்ரன் மரதனில் பெண்கள் முறைப்படி பங்குபற்ற 1972ஆம் ஆண்டுதான் அனுமதி கிடைத்தது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கான மரதன் 1984இல்தான் சேர்க்கப்பட்டது. அதுவரை பெண்களால் முடியாது என்றே சொல்லி வந்தார்கள். வழி திறந்த பின்னர் அங்கெல்லாம் பெண்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள்.

வீதியை மூடுவது எங்கள் நகரத்துக்குப் புதிய காரியமும் அல்ல. நல்லூர்க் கந்தசுவாமி கோவில் மகோற்சவத்தின் 25 நாட்களிலும் கோவிலைச் சூழ்ந்த வீதிகளில் வாகனங்களைத் தடுத்து, மாற்று வழிகளை அறிவித்து, தண்ணீருக்கும் முதலுதவிக்கும் துப்புரவுக்கும் தொண்டர்களை நிறுத்தி, பெருந்திரளான மக்கள் வெறுங்காலுடன் அச்சமின்றி நடமாடச் செய்பவர்கள் தாங்களே. அந்த அறிவும் பழக்கமும் தங்கள் அலுவலர்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. நான் கேட்பது அதில் மிகச் சிறிய ஒரு பங்கு.

இடத்தைப் பொறுத்தவரை, பொது நூலகம், துரையப்பா விளையாட்டரங்கு, கோட்டை ஆகியவற்றை ஒட்டிய வீதிகளைத் தாங்கள் பரிசீலிக்க வேண்டும் என்பது என் விருப்பம். தரை சமமானது, அந்த வேளையில் கடைகள் திறப்பதில்லை, குடியிருப்பும் குறைவு. வைத்தியசாலை வீதியை எக்காரணத்துக்காகவும் தொடக்கூடாது; நோயாளர் காவு வண்டிகளுக்கு அது எப்போதும் திறந்திருக்க வேண்டும். கடனீரேரியைக் கடந்து தீவுகளுக்குப் போகும் பண்ணை வீதியையும் முற்றாக மூடும்படி நான் கேட்கமாட்டேன். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகும் மக்கள் படகுத்துறை இருக்கும் குறிகட்டுவானுக்கான பஸ்ஸைப் பிடிப்பதற்கு அந்த வழியையே நம்பியிருக்கிறார்கள். அங்கு ஒரு ஓரத்தைக் கூம்புகளால் பிரித்துத் தந்தாலே போதுமானது. நீர்ப்பரப்பின் நடுவே எதிர்காற்றில் ஓடிப் பழகியவருக்குக் கொழும்பின் காற்று ஒரு பொருட்டாக இராது.

யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய மரதன் போட்டியை உடனே நடத்தலாம் என்று சிலர் ஆர்வத்தோடு சொல்கிறார்கள். அந்த நாளை நானும் ஆவலோடு எதிர்பார்க்கிறேன். ஆனால் அதிலிருந்து தொடங்க வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். சர்வதேச முறைப்படி போட்டிப் பாதையை, சக்கரத்தின் சுழற்சியை எண்ணும் கருவி பொருத்திய துவிச்சக்கர வண்டியைக் கொண்டு, கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் கூடுதலாக வைத்து அளக்க வேண்டும். வெப்பத் தாக்கத்தால் விழுந்தவரை வைத்தியசாலைக்கு ஏற்றுமுன் அந்த இடத்திலேயே குளிர்நீரில் அமிழ்த்திக் குளிர்விக்க ஆயத்தம் வேண்டும். களைத்தவருக்கு அளவுக்கு மீறி வெறும் தண்ணீரைப் புகட்டினால் இரத்தத்தில் உப்பின் செறிவு குறைந்து அதுவும் ஆபத்தாகலாம் என்பதைத் தொண்டர்கள் அறிந்திருக்க வேண்டும். இவையெல்லாம் ஆண்டுக்கு ஒருநாள் விழாவுக்காகக் கடைசி வாரத்தில் கற்றுக்கொள்ளும் காரியங்கள் அல்ல. வாரந்தோறும் ஐம்பது பேரோ நூறு பேரோ ஓடும் ஒரு வீதி இருந்தால் பொலிஸாரும் தொண்டர்களும் ஓடுபவர்களும் ஒன்றாகவே பழகிக்கொள்வார்கள். அப்படிப் பழகாத நகரத்தில் நடக்கும் போட்டிக்கு வெளியூரவர்கள் வந்து ஓடிவிட்டுப் போவார்கள். எங்கள் பிள்ளைகள் ஓரத்தில் நின்று பார்ப்பார்கள்.

மழைக்காலம் முடிந்து வெக்கை தொடங்குமுன் உள்ள தை, மாசி, பங்குனி ஆகிய மூன்று மாதங்களுக்கு இதைப் பரீட்சார்த்தமாகச் செய்து பார்க்குமாறு வேண்டுகிறேன். தேவையானவை சில தடுப்புகள், சந்திக்கு ஒரு அலுவலர், எரியும் தெருவிளக்குகள், கட்டாக்காலி நாய்களுக்குத் தடுப்பூசியும் கருத்தடையும் செய்யும் பணியை அந்தப் பகுதியில் முதலில் முடித்தல் ஆகியவையே. தடுப்புகளை வைக்கவும் எடுக்கவும் நாங்கள் இருவரும் முன்வருகிறோம். எங்களோடு ஓடும் வேறு சிலரும் உடன்பட்டிருக்கிறார்கள். மாநகர சபையின் அடுத்த மாதாந்த அமர்வில் இக்கோரிக்கையை எடுத்துக்கொள்வதாயின், வீதிகளைக் குறித்த வரைபடத்துடன் நேரில் வந்து விளக்கமளிக்க ஆயத்தமாக இருக்கிறோம்.

இங்ஙனம்,
யாழ்ப்பாணத்தில் ஓடும் ஒரு பெண்