அந்தச் சில்லறை உங்கள் பையிலேயே இருக்கட்டும்

கோடை விடுமுறையில் ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு, வேன் எடுத்து அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவைச் சுற்ற வரும் நம்மவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் மார்னிங் குளோரி வெந்நீர் ஊற்றின் முன்னால் நடந்தது உங்களில் சிலருக்குத் தெரியும், அங்கேதானே நின்றீர்கள். எதையும் போடக்கூடாது என்ற பலகைக்குப் பக்கத்திலேயே ஒருவர் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு காசு கொடுத்து, வேண்டிக்கொண்டு போடச் சொன்னார். வேண்டாமே என்றதற்கு, "ஒரு காசு போட்டா என்ன ஆயிடும் சார்?" என்றார்.

என்ன ஆகும் என்பது அவர் கண்ணெதிரே கிடந்தது. அடிவரை நீலமாக இருந்த ஊற்று அது. காசும் குப்பையும் அடியிலுள்ள வாயை அடைக்க, மேலே வரும் சுடுநீர் குறைந்து தண்ணீர் ஆறிப்போனது, ஓரத்தோடு நின்ற மஞ்சள், ஆரஞ்சு நுண்ணுயிர்கள் உள்ளே இறங்கிவிட்டன. 1950இல் நீர்மட்டத்தைக் குறைத்து வேண்டுமென்றே பொங்க வைத்தார்கள். நாணயங்களோடு கைக்குட்டை, துண்டு, காலுறை எல்லாம் வந்தன, பழைய நீலம் மட்டும் வரவில்லை.

வானத்தை நோக்கிப் பீறிடுவதை நீங்கள் கைதட்டிப் பார்க்கும் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் என்ற வெந்நீர் ஊற்றும் ஒரு குறுகலான பாறைக் குழாயை நம்பித்தான் இருக்கிறது. கீழே மாக்மா என்னும் உருகிய பாறையின் சூடு, மேலே நிற்கும் தண்ணீரின் கனம். அந்த அழுத்தத்தில் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் கிடக்கும் நீர், மேலே கொஞ்சம் வழிந்து அழுத்தம் விட்டதும் சட்டென்று ஆவியாகிப் பீறிடுகிறது. குழாய் அடைத்தால் கதை முடிந்தது. உலகத்தில் இப்படிப் பீறிடும் ஊற்றுகளில் பாதி இங்கேதான் இருக்கின்றன, அதனால் தயவுசெய்து காசு போடாதீர்கள்.

நம்மை மட்டும் சொல்லவில்லை. 2020இல் இங்கே ஊற்றில் கோழி வேகவைத்துப் பிடிபட்டவர்களும் உண்டு, மசாலா போட்டார்களா தெரியாது. ஆனால் பாபநாசத்தில் முழுக்குப் போட்டுவிட்டுக் கட்டியிருந்த துணியைத் தாமிரபரணியிலேயே விட்டு வருகிறோமே, புனிதம் என்று கும்பிடுகிற தண்ணீருக்கே அந்த மரியாதை என்றால் இதெல்லாம் எம்மாத்திரம்!

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். குழுவை அழைத்து வருகிறவர்கள் வேனை விட்டு இறங்குமுன் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: காசு வேண்டாம், மரப்பாதையை விட்டுக் கீழே கால் வைக்கவும் வேண்டாம். வெள்ளையாகத் தெரியும் தரை பல இடங்களில் வெறும் மெல்லிய ஓடு, கீழே கொதிநீர், இதுவரை 20 பேருக்கு மேல் வெந்து செத்திருக்கிறார்கள். வேண்டுதல் பாக்கி இருந்தால் ஊருக்குப் போய் உண்டியலில் போடுங்கள், டாலரையும் வாங்கிக்கொள்வார்கள்.